தோட்ட விடுப்பில் மருமகன்

ஸ்விண்டன்,
நவம்பர் 2, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீங்கள் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உங்களுக்குப் பக்கத்திலேயே எங்கம்மா உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது திரையில் தெரிந்தது. அதனால்தான் "சிக்னல் இல்லீங்க மாமா" என்று வைத்துவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கொரோனா போய் இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் சொல் ஒன்று கைகொடுக்கிறது.

"ஏன் கண்ணு, வேலையை விட்டு நிறுத்திப்போட்டாங்களாமா? அவங்களா நிறுத்தினாங்களா, நீயா நின்னுக்கிட்டியா? ஒரே வார்த்தைல சொல்லு" என்றீர்கள். எனக்கும் ஒரே வார்த்தையில் சொல்லத்தான் ஆசை. இந்த ஊர் இங்கிலீஷில் இதற்கு ஒரு மூட்டை வார்த்தை இருக்கிறது. ஆனால் ‘ஆமாம், நிறுத்திவிட்டோம்’ என்று சொல்லும் வார்த்தை ஒன்றும் அந்த மூட்டையில் இல்லை. ஆகஸ்டிலிருந்து வந்த கடிதங்களை வரிசையாக அடுக்கிப் படித்துப் பார்த்துவிட்டேன். எந்தக் கடிதத்திலும் என்னை யாரும் எதுவும் செய்யவில்லை.

முதல் கடிதத்தின் தலைப்பு ‘எதிர்காலத்தை நோக்கி நம் பயணம்’. கம்பெனி செலவில் ஏதோ டூர் போகிறோம் என்றுதான் எனக்குப் பட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த வேல்ஸ்காரருக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது. ஏற்கனவே வெளுத்த முகம். அதற்கு மேலும் வெளுக்க இடமிருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். "இந்த நாட்டில் கம்பெனி பயணம் கிளம்பினால் நாம்தான் வண்டியிலிருந்து இறங்க வேண்டும்" என்றார். அதற்கப்புறம் கடிதம் முழுக்க வியூகம், எளிமை, சுறுசுறுப்பு, வாடிக்கையாளரை நடுவில் வைப்பது. முடியப்போகும் இடத்தில்தான் ‘சில பணியிடங்கள்’ என்று இரண்டு சொல் எட்டிப் பார்த்தது.

இந்த வித்தையில் பெரிய வாத்தியார், மைக்ரோசாஃப்டில் இருந்த ஸ்டீஃபன் எலாப். 2014 ஜூலையில் அவர் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். "ஹலோ தேர்" என்று சிரித்த முகத்தோடு ஆரம்பித்து, எந்த போன் எந்த விலைக்கு, யார் எந்த ஊரில் என்று பத்தி பத்தியாக எழுதிக்கொண்டே போய், அப்புறம்தான் 12,500 பேருக்கு வேலை இல்லை என்பதற்கு வந்தார். நோக்கியாவின் போன் வியாபாரத்தை அவர்கள் வாங்கிய கதை அது. நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலை வரித் தகராறில் சிக்கி அவர்கள் கைக்குப் போகாமலே, அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே அங்கே ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ‘விருப்ப ஓய்வு’ கொடுத்து அனுப்பியிருந்தார்கள். விருப்ப ஓய்வு! இங்கிலீஷை மட்டும் குறை சொல்லி என்ன? உங்களுக்கு மில்லில் அதைக் கொடுத்தபோது விருப்பம் யாருடையது, ஓய்வு யாருக்கு?

இரண்டாவது கடிதத்தில் நான் ‘அட் ரிஸ்க்’, அதாவது ஆபத்தில் இருப்பவன், என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நாள் முழுக்க இருந்துவிட்டு வந்த உங்கள் மகள் அம்மிணி, கோட்டைக்கூடக் கழற்றாமல் வாங்கிப் படித்தாள். "எந்த நோய்க்குங்க? சர்க்கரையா, பி.பி.யா?" என்றாள். இரண்டும் வருவதற்குத்தான் இந்தக் கடிதம் என்றேன்.

இங்கே இதற்குச் சட்டம் இருக்கிறது, மாமா. நீங்கள் யூனியனில் இருந்தவர் என்பதால் சொல்கிறேன். ஒரே இடத்தில் 90 நாளுக்குள் 20 பேரோ அதற்கு மேலோ போக வேண்டியிருந்தால், முதல் ஆள் போவதற்கு 30 நாள் முன்பே கம்பெனி பேச்சுவார்த்தை தொடங்க வேண்டும். நூறு பேரைத் தொட்டுவிட்டால் 45 நாள். 2013 வரைக்கும் அது 90 நாளாக இருந்தது. சட்டத்திலேயே ஆட்குறைப்பு செய்துவிட்டார்கள். எங்கள் கம்பெனி 99 பேரோடு நிறுத்திக்கொண்டது. அந்த நூறாவது ஆள் யாரோ, அவர் வீட்டில் யார் செய்த புண்ணியமோ, அவரை இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சட்டத்தை மதிக்காமலும் போகலாம். 2022 மார்ச் 17 அன்று பி அண்ட் ஓ என்ற கப்பல் கம்பெனி ஏறக்குறைய 800 கப்பல் ஊழியர்களை, முன்கூட்டியே பதிவு செய்து வைத்த ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டி அனுப்பியது. அதன் தலைமை அதிகாரி பார்லிமென்ட் குழுவுக்கு முன்னால் போய், ‘யூனியனோடு பேசியிருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும், வேண்டாம் என்று நாங்களேதான் முடிவெடுத்தோம்’ என்றார். நாடே அவரைக் காறித் துப்பியது. கிரிமினல் வழக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கென்னவோ இந்த விஷயத்தில் செய்வினையில் பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று ஒரு மரியாதைகூட வந்துவிட்டது.

எங்கள் பேச்சுவார்த்தையில் யாரும் மேஜையைத் தட்டவில்லை. வேலையிழப்பைத் தவிர்க்க யோசனை இருந்தால் சொல்லலாம் என்றார்கள். எல்லாரும் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அம்மா, கூட்டங்களுக்கு வாங்கும் பிஸ்கட் செலவைக் குறைக்கலாமே என்று மெல்லச் சொன்னார். அருமையான யோசனை என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் பிஸ்கட் இல்லை. நாங்கள் 99 பேரும் அப்படியே இருந்தோம்.

அப்புறம் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். மனிதவளத் துறையிலிருந்து வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். என் பெயரைத் தப்பில்லாமல் உச்சரிக்க வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் என் பெயரைச் சரியாகச் சொன்ன முதல் ஆள் அவள்தான். "நீங்கள் ரிடண்டன்ட் இல்லை. உங்கள் ரோல்தான் ரிடண்டன்ட்" என்றாள். ரிடண்டன்ட் என்றால் தேவைக்கு மேல், உபரி. "அப்படியானால் ரோலை அனுப்பிவிடுங்கள், நான் இருந்துகொள்கிறேன்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டு, டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினாள். நான் அழவில்லை. ஆனால் தள்ளினவளுக்காக ஒன்றை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அவள் எனக்கு நன்றி சொன்னாள். நான் அவளுக்கு நன்றி சொன்னேன். கதவை யார் முதலில் கடப்பது என்பதில் இரண்டு பேரும் இன்னொரு தடவை நன்றி சொல்லிக்கொண்டோம்.

மில் கேட்டில் கறுப்புக் கொடி பிடித்துக்கொண்டு நீங்கள் மேனேஜரைப் பேர் சொல்லித் திட்டியதைச் சின்ன வயதில் அய்யனோடு வந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி நீங்கள் இரண்டு வாய் சோறு கூடுதலாகத் தின்றீர்கள் என்று அத்தை இன்றைக்கும் சொல்லும். திட்டுவதற்கு ஆள் வேண்டும், மாமா. இங்கே ‘முடிவு எடுக்கப்பட்டுள்ளது’ என்கிறார்கள். எடுத்தவரைக் கேட்டால் ‘வணிகம்’ என்கிறார்கள். வணிகம் எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் போய்க் கேட்கலாம்.

இதில் ஒரு கூத்து. எங்கள் கம்ப்யூட்டர் தொழிலில் ரிடண்டன்ஸி என்றால் கெட்ட வார்த்தையே கிடையாது. ஒரு சர்வர் படுத்துக்கொண்டால் வேலை நிற்கக் கூடாதென்று பக்கத்திலேயே இன்னொன்றைச் சும்மா ஓடவிட்டு வைத்திருப்போம். மின்சாரத்துக்கு இரண்டு வழி, இன்டர்நெட்டுக்கு இரண்டு வழி. அப்படி உபரியாக நிற்கிறதே, அதற்குத்தான் ரிடண்டன்ஸி என்று பெயர். எவ்வளவு ரிடண்டன்ஸி இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி. சென்ற வருஷம் மேலிடத்துக்கு நான் எழுதிய அறிக்கையில், ‘நம் பிரிவில் போதிய ரிடண்டன்ஸி இல்லை, உடனடியாகக் கூட்ட வேண்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். நல்லவர்கள், கூட்டிவிட்டார்கள்.

யாரை அனுப்புவது என்பதற்கு மார்க். எங்களைப் போல ஒரே மாதிரி வேலை செய்கிறவர்களை ஒரு ‘பூல்’ என்று சேர்த்து, திறமை, வேலைத்தரம், வருகை, வளைந்து கொடுப்பது என்று தலைப்புப் போட்டு மார்க் போட்டார்கள். உங்கள் காலத்தில் கடைசியாக வந்தவன் முதலில் போவான். சண்டை சீக்கிரம் முடிந்தது. இங்கே அதையே வைத்து முடிவு செய்தால் இளைஞருக்கு அநியாயம் என்று வயதுப் பாகுபாட்டு வழக்கு வந்துவிடுமாம். எனக்கு எல்லாவற்றிலும் சுமாராக வந்தது. ‘கூட்டங்களில் தன் கருத்தைப் போதிய அளவு வெளிப்படுத்துவதில்லை’ என்பதில் மட்டும் அடி வாங்கிவிட்டேன். இதை அம்மிணிக்குப் படித்துக் காட்டினேன். "யாரு, நீங்களா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசி நாள் கேக் வெட்டினோம். அந்தக் கேக்கை வாங்கிக்கொண்டு போனது நான். இந்த ஊரில் பிறந்தநாள் என்றால் பிறந்தவன்தான் ஆபீஸுக்குக் கேக் வாங்கிப் போக வேண்டும். வேலை போனாலும் பெரும்பாலும் அதே முறை. இருக்கிறவர்கள் சாப்பிட்டார்கள், போகிறவன் பில் கட்டினான். பதிலுக்குத் தலையணை அகலத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தார்கள்: ‘நீங்கள் எங்களை விட்டுப் போவதில் வருத்தம்’. என்னமோ நான்தான் இவர்களை உதறிவிட்டு ஓடுகிற மாதிரி. உள்ளே எங்கள் டைரக்டரும் கையெழுத்துப் போட்டு, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார்.

பத்திரிகைக்காரர்களுக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. ‘ஆக்ஸ்’ விழுந்தது, ‘பூட்’ கிடைத்தது, ‘சாக்’ கொடுத்தார்கள் என்று பச்சையாகத்தான் போடுகிறார்கள். தொழிலாளி தன் ஆயுதங்களைச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவானாம், வேலை முடிந்தது என்றால் முதலாளி அந்தச் சாக்கை அவன் கையில் கொடுத்துவிடுவானாம். அதிலிருந்து வந்த பேச்சு என்கிறார்கள். எனக்கு அந்தச் சாக்கும் வரவில்லை. வந்ததெல்லாம் நாம் சொல்லும் சாக்குதான்: சந்தை நிலவரம், வட்டி விகிதம், செயற்கை நுண்ணறிவு. கூடவே கூரியரில் ஒரு காலி அட்டைப்பெட்டி, லேப்டாப்பை உள்ளே வைத்துத் திருப்பி அனுப்ப.

சிரித்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் பூலில் விஜயவாடாப் பையன் ஒருவன் இருந்தான். போன வருஷம்தான் கல்யாணம். அவன் வந்திருப்பது கம்பெனி ஸ்பான்சர் செய்த விசாவில். வேலை போனதும் உள்துறையிலிருந்து கடிதம் வரும். அதிலிருந்து 60 நாளுக்குள் இன்னொரு கம்பெனி அவனை எடுத்துக்கொண்டு புது விசாவுக்கு மனுப் போட்டால் ஆயிற்று, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவனுக்கு மார்க் போட்டவர்களுக்கு இது தெரியும். மார்க் தாளில் அதற்குத் தலைப்பு கிடையாது. எனக்குக் குடியுரிமை வந்தாகிவிட்டது, அம்மிணிக்கு ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை, வீட்டுக் கடன் தவணை அவள் சம்பளத்தில் ஓடுகிறது. நீங்கள் அவளைக் கோயம்புத்தூரில் பி.ஃபார்ம் சேர்த்தபோது எங்கம்மா, ‘பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குடா தம்பி இத்தனை செலவு’ என்று சண்டைக்கு வந்ததை அவளே சொல்லியிருக்கிறாள். அந்தச் செலவில்தான் இப்போது உங்கள் அக்கா மகன் சோறு தின்கிறான். இதையும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று கேட்டீர்களே, ‘கார்டன் லீவ்’. தோட்ட விடுப்பு. வேலை பார்த்த வருஷத்துக்கு ஒரு வாரம், அதிகபட்சம் 12 வாரம் என்று சட்டப்படி நோட்டீஸ் காலம் உண்டு. அந்தக் காலத்தில் ஆபீஸுக்கு வந்து மற்றவர்கள் மனதைக் கெடுக்காதே, எதிராளி கம்பெனிக்கும் போகாதே, வீட்டிலேயே தோட்டத்தில் கிட என்று சம்பளம் கொடுக்கிறார்கள். நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. தோட்டம் என்று பார்த்தால் சமையலறை ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. அதற்கும் வெயில் போதாமல் குளிர்காலத்தில் இலை கொட்டுகிறது.

விதிகளைக் கேளுங்கள். இந்த விடுப்பில் நான் ஊழியன்தான், ஆனால் வேலை செய்யக் கூடாது. வேறு இடத்திலும் செய்யக் கூடாது. ஆபீஸ் பக்கம் போகக் கூடாது. சக ஊழியர்களோடு தொழில் சம்பந்தமாகப் பேசக் கூடாது. ஆனால் ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை, கூப்பிட்டால் கிடைக்கும்படி இருக்க வேண்டும். யார் கூப்பிடுவார்கள், எதற்குக் கூப்பிடுவார்கள் என்று அதில் இல்லை. போன் வைத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, தோட்டத்தில் இருக்கிறார், அதற்கு அவர்களே சம்பளம் தருகிறார்கள் என்றிருக்கிறாள். நான் ஏதோ ஜமீன்தார் என்று டீச்சர் நினைத்துவிட்டாள் போல, சாயங்காலம் கேட்டில் பார்த்தபோது ஒரு மாதிரி மரியாதையாகத் தலையாட்டினாள்.

இந்தச் சாக்கில் ஊருக்கு வந்து இரண்டு வாரம் உங்களோடு இருக்கலாம் என்று நினைத்தேன். விதியைப் பார்த்தால், தோட்ட விடுப்பில் இருக்கும்போது வெளியூர் போக வேண்டுமானால் வருடாந்திர விடுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். அதாவது விடுப்பிலிருந்து விடுப்பு. சரி, விண்ணப்பிக்கலாம் என்றால் அது ஆபீஸ் இணையதளத்தில்தான் முடியும். உள்ளே போக ஆபீஸ் லேப்டாப் வேண்டும். லேப்டாப் அட்டைப்பெட்டியில் போய்விட்டது. மனிதவளத் துறைக்குப் போன் போட்டேன். என் சார்பில் அவர்களே விண்ணப்பத்தை ஏற்றிவிட்டார்கள், அது ஒப்புதலுக்காக என் மேனேஜரிடம் போயிருக்கிறது என்றார்கள். என் மேனேஜரும் அந்த 99-இல் ஒருவர். அவரும் தோட்ட விடுப்பில். அவருக்கும் லேப்டாப் இல்லை. நான் அவரோடு ஆபீஸ் விஷயம் பேசக் கூடாது. அவரும் என்னோடு பேசக் கூடாது. அவருடைய விடுப்பு விண்ணப்பம் அவருடைய மேனேஜரிடம் நிற்கிறதாம்.

இதற்கு மேல்தான் கூத்து. போன சனிக்கிழமை ஊருக்கு வெளியே நாற்றுக் கடைக்குப் போனேன், விதைப் பூண்டு வாங்க. எதிரில் என் மேனேஜர் கையில் ஒரு இலை வாரும் கோலோடு நிற்கிறார். இரண்டு பேரும் தோட்ட விடுப்பில் இருக்கிறவர்கள் தோட்டக் கடையில் சந்திப்பது விதிக்கு ரொம்பப் பொருத்தம்தான், ஆனாலும் இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது. மழை வரும் போலிருக்கிறது என்றார். ஆமாம், காற்றும் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் உரச் சாக்கு அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "டிசம்பரில் இந்தியாவில் வெயில் எப்படி?" என்று கேட்டுவிட்டு, அங்குமிங்கும் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். அது ஒப்புதலா, விடைபெறுவதா? மனிதவளத் துறையைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது.

பூண்டு எங்கே நடுவது என்று கேட்பீர்கள். கீழ்வீட்டுத் தாத்தாவுக்கு, நகரசபை வாடகைக்கு விடும் தோட்டத்துண்டு ஒன்று இருக்கிறது. அலாட்மென்ட் என்பார்கள். பழைய அளவில் பத்து ராட். நம் கணக்கில் ஆறேகால் சென்ட். அவருக்கு எண்பத்து நாலு வயது, முதுகு வளைய மறுக்கிறது. "தோட்ட விடுப்பா? என்னிடம் தோட்டம் இருக்கிறது, உன்னிடம் விடுப்பு இருக்கிறது" என்று மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிக்கிறார். நான் கொத்துகிறேன். மூன்று தலைமுறை காடு தோட்டம் என்று இருந்த வீட்டுப் பையன் மண்வெட்டி பிடிக்கும் லட்சணத்தைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் பல்லைக் கடிக்கிறார் என்பதை நீங்கள் தென்னந்தோப்பில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

தாத்தா இந்த ஊர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்தவர். ஸ்விண்டன் என்ற ஊரே அதைச் சுற்றி வளர்ந்ததுதான். 1843-இல் தொடங்கி, நல்ல காலத்தில் 14 ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்த இடம். பிரிட்டிஷ் ரயில்வேக்குக் கடைசி நீராவி எஞ்சினை 1960-இல் இங்கேதான் கட்டினார்கள், ‘ஈவினிங் ஸ்டார்’ என்று பெயர்; அதற்குப் பெயர் சூட்டிய அன்று கூட்டத்தில் தானும் நின்றதாகச் சொல்கிறார். மில் சங்கு மாதிரி அங்கே ஒரு ஹூட்டர் இருந்ததாம். ஊர் எழுவதும் படுப்பதும் அதைக் கேட்டுத்தான். 1986 மார்ச்சில் ஒர்க்ஷாப்பை மூடியபோது அது கடைசியாக ஊதியது. இப்போது அந்தக் கட்டடங்களில் பிராண்டட் சட்டை விற்கிறார்கள், பக்கத்தில் ரயில் மியூசியம். நம் கோயம்புத்தூர் லட்சுமி மில் வளாகத்தில் லுலு கடை வந்தபோது நாம் போய் ஏசியில் நின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பினோமே, தாத்தா அந்தச் சட்டைக் கடைக்கு அப்படிக்கூடப் போனதில்லை.

உங்களை என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று அவரைக் கேட்டேன். "ஃபினிஷ்டு" என்றார். அவ்வளவுதான். நீங்கள் கேட்ட ஒரே வார்த்தை அவரிடம் இருந்திருக்கிறது, மாமா.

ஆட்குறைப்புக்கு நஷ்ட ஈடு என்று இந்த நாட்டில் சட்டம் வந்ததே 1965-இல்தான். உங்களுக்கு இந்தச் சட்டப்படி என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். நீங்கள் 48 வயதில் வெளியே வந்தீர்கள், சர்வீஸ் 24 வருஷம். இவர்கள் 20 வருஷத்துக்கு மேல் எண்ண மாட்டார்கள்; உங்கள் நாலு வருஷம் காற்றில் போயிற்று. 41 வயதுக்கு மேல் வருஷத்துக்கு ஒன்றரை வாரம், அதற்குக் கீழே ஒரு வாரம். மொத்தம் இருபத்து மூன்றரை வாரச் சம்பளம். 2025 கணக்குப்படி வாரத்துக்கு 719 பவுண்டுக்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அதனால் உச்சமாக 16,896 பவுண்டு. ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். உங்கள் காலத்துத் தொழில் தகராறு சட்டத்தின் 25-எஃப் பிரிவில் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்று நீங்கள் ஒப்பிப்பீர்களே, அதைப் பெருக்கினால் 360 நாள் வருகிறது. இவர்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சட்டத்தில் நாம்தான் பெரிய ஆள். பணம் கைக்கு வருவதற்குள் நீங்கள் லேபர் ஆபீஸுக்கு நடந்த நடையை மட்டும் எந்தப் பிரிவிலும் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கு வரும் தொகை வரி இல்லாமல் வரும். 30 ஆயிரம் பவுண்டு வரைக்கும் வரி கிடையாது, நான் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. அதற்கு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இனிமேல் வழக்குப் போட மாட்டேன் என்று. நான் தனியாக ஒரு வக்கீலைப் பார்த்து யோசனை கேட்டால்தான் அது செல்லும். அந்த வக்கீல் ஃபீஸையும் கம்பெனியே கொடுக்கிறது. அந்த அம்மாள் என்னிடம் அரை மணி நேரம் பேசி, நன்றி சொன்னாள். நானும் சொன்னேன்.

புது வேலைக்கு ஓரிரு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜனவரிக்கு மேல்தான் எதுவும் தெரியும். அதனால் ஒரு விஷயம், மாமா. பீளமேட்டு வீட்டுக்கு மேலே அறை எடுக்கத் தை மாதத்துக்குள் பணம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அந்த அறை இப்போது ‘அட் ரிஸ்க்’ நிலையில் இருக்கிறது. இது உங்கள் மேல் உள்ள மரியாதையைப் பற்றியதே அல்ல. ரிடண்டன்ட் ஆகியிருப்பது அறைதான், நீங்கள் இல்லை. பேச்சுவார்த்தைக் காலம் 30 நாள், உங்கள் யோசனைகள் வரவேற்கப்படுகின்றன. மேஸ்திரிக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காதீர்கள், அவர் ஆட்களுக்குக் கூலி கொடுத்திருப்பார். வேலை கிடைத்ததும் மீதியை அனுப்புகிறேன், அதுவரைக்கும் செங்கல்லை மழையில் நனையாமல் மூடி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்

பி.கு.: அம்மிணி இதைப் படித்துவிட்டு, ‘இத்தனையும் எழுதினதுக்கு எங்கப்பாவுக்குக் கடைசிப் பத்தி மட்டும் போதுமே’ என்கிறாள்.